வெப்ராளப் பை

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் நீல நிறத் தோள்பை ஒன்று தொங்குகிறது. ரேஷன் அட்டை, ஆதார், வீட்டுப் பத்திரத்தின் நகல், டார்ச், பவர்பேங்க், தண்ணீர் பாட்டில், பிஸ்கட், என் தைராய்டு மாத்திரை, ஒரு விசில். விசிலைப் பார்த்துத்தான் எல்லோரும் அதிகம் சிரித்தார்கள்.

புயல் அடித்து, ரப்பர் மரங்கள் சாலை முழுவதும் விழுந்து, நாள்கணக்கில் கரண்டும் போனும் இல்லாமல் கிடந்தோமே, அதற்குப் பிறகு நான் இப்படி ஆகிவிட்டேன். மழைக்காலத்தில் மண் சரியுமோ என்று பயம். மாசி வெயிலில் தீப் பிடிக்குமோ என்று பயம். கணவர் வளைகுடாவில் இருக்கிறார்; அங்கிருந்து போனில், "பதறாத காரியம் சிதறாது, கேட்டியா" என்பார். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு பதறாமல் இருப்பது எளிது.

பைக்குப் பேர் வைத்தது மேல்வீட்டு அக்கா. மனம் ஒரு நிலையில் நிற்காமல் கிடந்து தவிப்பதை எங்கள் பக்கத்தில் வெப்ராளம் என்போம். அக்கா ஒருநாள் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இது என்ன, வெப்ராளப் பையா?" என்றார். அதோடு அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

எங்கள் வீடு மலைச்சரிவின் பாதியில் இருக்கிறது. கீழே சாலை. மேலே இருபது படி ஏறினால் அக்காவின் வீடு. அதற்கு மேல் ரப்பர் தோட்டம்தான், மலை வரைக்கும். அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவர், கணவர் இல்லை. விடியுமுன் எழுந்து முந்நூறு மரத்துக்குப் பால்வெட்டுகிற கைக்காரி. அவர் மகள் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவாள்.

நான்கு வருடத்துக்கு முன்பு, தை மாதத்தில், கிணற்றடிப் பாசியில் வழுக்கி அக்கா காலை ஒடித்துக்கொண்டார். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. மகள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் அவர் தனியாகத்தான் கிடப்பார். பதினொரு மணிக்குச் சாயாவும் ஒரு மணிக்குச் சோறும் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு.

சோறு உண்ணும்போது அக்காவின் வாய் சும்மா இருக்காது.

"ஏட்டி, தீ வந்தா நீ பையத் தூக்கிட்டு ஓடுவா. நான் கட்டிலத் தூக்கிட்டா ஓட முடியும்?"

"உங்கள நான் தூக்கிட்டுப் போவேன் அக்கா."

"நீயா? அஞ்சு கிலோ அரிசிய ரெண்டு தவணையா தூக்குறவ."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே சொன்ன வாக்குக்கு எடை கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு பட்டியலும் ஒட்டி வைத்திருந்தேன். ஆபத்து வந்தால் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று வரிசையாக எட்டு வரி. சிலிண்டரை மூடு, மெயின் சுவிட்சை அணை, ஆட்டை அவிழ்த்துவிடு, பையை எடு, கதவைப் பூட்டு, இப்படி. மனப்பாடமாகவே தெரியும். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைப்பானேன்.

அக்காவிடம் பட்டியல் எதுவும் இல்லை. ரப்பர் இலை உதிர்கிற காலம் அது. சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். தினமும் காலையில் மகள் கடைக்குக் கிளம்புமுன் அவள் கையில் வாரியலைக் கொடுத்து, வீட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குச் சருகைக் கூட்ட வைப்பார். கட்டிலில் கிடந்தபடியே ஜன்னல் வழியாக மேற்பார்வை. "மூலையில விட்டுட்டியே மக்கா, அங்கன கூட்டு." சாணி மெழுகலாம் போல மண் அப்படி வெறுமையாக இருக்கும். காலொடிந்த பிறகும் இந்த அக்காவுக்குச் சுத்தம் போகவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். என் வீட்டைச் சுற்றிச் சருகு கிடந்த இடத்தில் கிடந்தது.

அந்த நாள், சோறு கொடுத்துவிட்டுத் திரும்பி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சரிவுக்கு மேலே புகை தெரிந்தது.

வெளியூர்க்காரர் பார்த்திருந்தால் அப்போதே கத்தியிருப்பார். எங்களுக்குப் புகை என்றால் பயம் வராது. ரப்பர் ஷீட்டைப் புகைப்புரையில் போட்டுத்தான் காய வைப்போம். யாருடைய கூரைக்கு மேலாவது எப்போதும் புகை நிற்கும். புகை இருந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு வந்தது எரிச்சல்தான். துவைத்த துணியெல்லாம் நாறப்போகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு நாலு சேலையைக் கொடியின் மறுபக்கத்துக்கு மாற்றினேன்.

ஐந்தாவது சேலையைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. இலை உதிர்ந்ததால் பால்வெட்டு நிறுத்திப் பதினைந்து நாளாகிறது. ஷீட் எல்லாம் விற்றுப் போயாயிற்று. எந்தப் புகைப்புரையில் யார் தீ மூட்டுவார்கள்?

காதைக் கொடுத்துக் கேட்டேன். சருகு பொரிகிற சத்தம் கேட்டது.

ஆயிரம் முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்த எட்டு வரியும் தானாக ஓடின. சிலிண்டரை மூடினேன். சுவிட்சை அணைத்தேன். ஆட்டை அவிழ்த்துவிட்டேன். பையை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்க்கக்கூட மறக்கவில்லை. பிறகு கீழே சாலைக்கு ஓடினேன். விசிலை ஊதத்தான் மறந்துபோனேன்.

சாலையில் நாலைந்து பேர் கூடிவிட்டிருந்தார்கள். தீயணைப்புக்குப் போன் போயிருந்தது. சாலை வளைவில் ஆட்டோ போட்டு நிற்கிற அண்ணன், பச்சைக் குழை ஒடித்துத் தீயை அடிக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"மேல எல்லாரும் எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சு" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. என் பட்டியல் முடிந்துவிட்டது. முடிந்ததால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அரை மணி நேரத்துக்கு முன்பு என் கையால் சோறு வாங்கி உண்ட மனுஷி அந்த எட்டு வரியில் இல்லை.

அண்ணன் இரண்டடி நடந்தவர் திரும்பினார். "மேல்வீட்டு அக்கா?"

பையைச் சாலையிலேயே போட்டேன். படிகளை எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அண்ணன் எனக்குப் பின்னால் வந்தார். என் வீட்டைத் தாண்டும்போதே கொல்லைப்புறச் சருகில் தீ ஓடிக்கொண்டிருந்தது, கொடியில் கிடந்த சேலைகள் எரிந்துகொண்டிருந்தன. அதை நான் நின்று பார்க்கவில்லை.

அக்கா கட்டிலில் இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வாசல்படி வரை வந்திருந்தார். மாவுக்கட்டுக் கால் முன்னால் நீண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கையில் நனைத்த சாக்கு, மடியில் போன். மூன்று பக்கமும் தீ. ஆனால் கூட்டிய மண்ணின் ஓரத்துக்கு வந்து, தின்ன எதுவுமில்லாமல் அது நின்றுவிட்டிருந்தது. பறந்து விழுகிற பொறியைச் சாக்கால் அடித்துக்கொண்டிருந்தார் அக்கா. புகையில் கண் சிவந்து, இருமல் நிற்கவில்லை.

"வந்துட்டியா" என்றார். போனை என்னிடம் நீட்டினார். "மகளுட்ட பேசு. நீ எனக்க பக்கத்துலதான் இருக்கான்னு அப்பமே சொல்லிப்போட்டேன். உனக்க சத்தம் கேட்டாத்தான் நம்புவா."

அந்தப் பெண் மறுமுனையில் அழுதுகொண்டிருந்தாள். "நான் இங்கதான் இருக்கேன் மக்களே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவை உட்கார்த்தி, நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இருபது படியும் தாண்டிச் சாலை வரை இறக்கினோம். அஞ்சு கிலோ அரிசிக்கே மூச்சு வாங்குகிறவள்தான் நான். அன்றைக்கு அக்கா எனக்குக் கனக்கவே இல்லை. மாலைக்குள் தீ அடங்கியது. அக்காவின் வீட்டில் ஓர் ஓடுகூடக் கறுக்கவில்லை. எனக்கு ஆட்டுக்கூடும் கொல்லைக் கதவும் போயின. பை சாலையில் பத்திரமாக இருந்தது.

அதன் பிறகு அக்கா போவோர் வருவோரிடமெல்லாம், "தீயில ஓடி வந்தது இவளாக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லும்போதெல்லாம் நான் வேறு வேலை பார்ப்பேன். நான் சாலையில் சொன்ன வார்த்தை ஆட்டோ அண்ணனுக்குத் தெரியும். அவர் இன்றுவரை யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. அக்காவுக்கு எதுவும் தெரியாது என்பது ஒன்றே எனக்கு ஆறுதலாக இருந்தது.

பட்டியலைக் கிழித்துவிட்டு, முதல் வரியில் 'மேல்வீட்டு அக்கா' என்று எழுதிப் புதிதாக ஒன்று ஒட்டினேன்.

அடுத்த வருடம் இலை உதிர்ந்தபோது அக்கா நடக்க ஆரம்பித்துவிட்டிருந்தார், ஆனால் குனிய முடியவில்லை. அதனால் என் வீட்டைக் கூட்டிவிட்டு அவர் வீட்டையும் நானே கூட்டப் போனேன். கூட்டி முடித்துக் களைத்து, அவருடைய வாசல்படியில், அன்றைக்கு அவர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன். மற்ற மாதங்களில் அங்கிருந்து பார்த்தால் இலையைத் தவிர எதுவும் தெரியாது. இப்போது, தீப் பிடித்த அன்று போலவே, மரமெல்லாம் மொட்டையாக நின்றது. என் வீட்டு முன்கதவு தெரிந்தது. படிகள் தெரிந்தன. கீழே சாலை, ஆட்டோ நிற்கிற வளைவு, அங்கே நிற்கிறவர் கையில் என்ன இருக்கிறது என்பதுவரை தெரிந்தது.

அக்கா உள்ளேயிருந்து சாயாவோடு வந்தார். நான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணைக்கு நீங்க எல்லாத்தையும் பாத்தியளா அக்கா?"

"பாத்தேன்" என்றார் அக்கா. "பையக் கொண்டு கீழ வச்சிட்டு நீ வருவான்னு எனக்குத் தெரியும். அதாக்கும் நீ பக்கத்துல இருக்கான்னு மகளுட்ட அப்பமே சொன்னேன். சாயா ஆறுது, குடி."