குளிர்காய்ந்த சுவர்

வெப்பக் கேமரா என்றால் சுவரைத் துளைத்து உள்ளே பார்க்கும் என்றுதான் முதலில் நம்பினேன். அதனால் சுவர் விரிசலைப் பார்க்க இஞ்சினியர் அதோடு வருகிற காலையில் கிழிந்த பனியனை மறைக்க இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். சுவரையே துளைக்கிற கருவிக்கு ஸ்வெட்டர் எம்மாத்திரம் என்று தோன்றவில்லை.

இத்தலாரில் எங்கள் வீடு தேயிலைச் சரிவின் அடியில் இருக்கிறது. அந்த வருட மழையில் பின்னறைச் சுவர், தரை மூலையிலிருந்து ஜன்னல் வரை கோணலாக விரிசல் விட்டுவிட்டது. நான் சிமென்ட் பூசுவேன். அது மறுபடி விரியும். சுவருக்கும் எனக்கும் அலுத்துவிட்டது. அந்த அறையில்தான் நானும் மனைவியும் படுப்போம். விரிசலையே பார்த்துக்கொண்டு படுத்ததில் கழுத்து வேறு பிடித்துக்கொண்டது.

"உங்க கதையெல்லாம் வேண்டாமுங்க. இந்த ரூம்ல படுக்கலாமா, கூடாதா? அத மட்டும் இஞ்சினியர்கிட்ட கேளுங்க" என்றாள் மனைவி.

கோவையிலிருந்து வந்த இஞ்சினியரம்மா கேமராவைச் சுவரிடம் நீட்டியதும் திரையில் செக்கச்செவேலென்று ஒரு வட்டம்.

"தீ! சுவத்துக்குள்ள தீ!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நின்று பார்த்தால் கையில் தலையணை இருந்தது.

"தலையணை ஞாபகம் வந்துச்சு, பொண்டாட்டி ஞாபகம் வரலியாக்கும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, இங்க கணப்புச் சட்டி வெச்சிருந்தீங்களா?" என்றார் இஞ்சினியரம்மா.

வைத்திருந்தேன். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் துணி காய்வதே கணப்புச் சட்டியின் கரி நெருப்பில்தான். டாக்டர் வருமுன் முகம் கழுவிக்கொள்வதுபோல, சுவரும் கொஞ்சம் லட்சணமாக இருக்கட்டுமே என்று விடிந்ததும் சட்டியை அதன் ஓரமாக வைத்துக் காயவிட்டு, பிறகு எடுத்துவைத்திருந்தேன்.

"இது எக்ஸ்ரே இல்லீங்க. சுவத்து மேல எங்க சூடு, எங்க குளுருன்னுதான் காட்டும். ஈரம் இருந்தா நீலமாத் தெரியும். நீங்க அதுக்குக் குளிர்காய வெச்சுட்டீங்க. ஆறட்டும்."

ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, தூறலில் நின்று டீ குடித்தோம். மறுபடி பார்த்தபோது சிவப்பு மங்கியிருந்தது. மூலையிலிருந்து விரிசலை ஒட்டியே நீலம் ஏறியிருந்தது.

"சரிவுத் தண்ணி அடியில வருதாட்ட இருக்குது. தோண்டித்தான் பாக்கோணும்."

வெளியே போய்க் கடப்பாரையால் தோண்டினேன். அஸ்திவாரக் கல்லுக்கு அடியில் மண் இல்லை. என் கை முழங்கைவரை உள்ளே போயிற்று. அதற்கு மேல் எனக்குக் கேலி வரவில்லை.

"இனி இங்க படுக்காதீங்க" என்றார் அவர்.

கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டோம். மழை விட்டதும் பின்னறையை இடித்தோம். முன்பக்கம் நிற்கிறது. அதில்தான் குடியிருக்கிறோம்.