பெயர் நீக்கும் வேலை

என் அக்கா பதினெட்டு வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்தினாள். அதை மூடியதும், பத்திரிகைத் தொழிலை ஆராயும் பல்கலைக்கழக ஆய்விதழ் ஒன்றில் உதவியாளர் ஆனாள். அதில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் செய்தி அறையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

வருகிற கட்டுரையில் எழுதியவர் பெயரை நீக்கி, அதை வெளியிடலாமா என்று சொல்லும் மதிப்பீட்டாளருக்கு அனுப்புவது அவள் வேலை. எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியக் கூடாது, அவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியக் கூடாது. இரண்டும் தெரிந்தவர்கள் இதழின் ஆசிரியராக இருக்கும் பேராசிரியரும் அக்காவும்தான். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

போன மாதம், அவளோடு அதே நாளிதழில் இருந்த நிருபர் ஒரு கட்டுரை அனுப்பினார். அவர்கள் அங்கே இருந்தபோது ஒரு தொழிற்சாலைத் தீயில் ஒன்பது பேர் செத்தார்கள். வெளிக்கதவு பூட்டியிருந்தது என்று அன்றைய செய்தியில் அவர் எழுதிய பத்தி மட்டும் அச்சில் வரவில்லை. ‘மேலிடம்’ நீக்கியது என்று இப்போது கட்டுரையில் எழுதியிருந்தார். அந்த மேலிடம் யாரென்று அக்காவுக்குத் தெரியும். அவள் மேஜையிலிருந்த பக்கத்தைப் பிடுங்கிச் சிவப்பு மையால் அடித்தவர் செய்தி ஆசிரியர்.

அந்த நாளிதழை அறிந்தவர்தான் மதிப்பிட வேண்டும் என்று பேராசிரியர் தேர்ந்தெடுத்தது அந்த மனிதரையே! இப்போது அவர் பெரிய நிபுணராம். பாலுக்குப் பூனை காவல்.

“சார், அதை வெட்டினதே இவர்தான் சார்.”

“எழுதினது யாருன்னே அவருக்குத் தெரியாதேம்மா. அப்புறம் எப்படிப் பாரபட்சம் வரும்?”

“வெட்டினது யாருன்னு அவருக்குத் தெரியுமே சார்!”

“விதி விதிதான். அனுப்புங்க.”

நாலே நாளில் பதில் வந்தது. ‘அப்படியொரு பத்தி இருந்ததற்கு ஆதாரமில்லை. நிராகரிக்கலாம்.’ அக்கா சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

நிராகரிப்புக் கடிதத்தையும் அக்காவே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டியிருந்தது. மறுநாள் காலை நிருபர் போன் செய்தார்.

“யாரும்மா அந்த ஆளு? பேரு சொல்ல வேணாம். செத்தவங்க வீட்டுப் படி ஒருதரமாவது ஏறியிருக்காரா? அதை மட்டும் சொல்லு.”

பேராசிரியர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

“ஏறல அண்ணே. அந்தப் பத்தியை வெட்டினதே அவர்தான். என் கண்ணால பார்த்தேன். ஆதாரம் கேக்கறாங்கல்ல? என் பேரைப் போட்டு எழுதுங்க.”