குழாய்க்கு ஒத்தடம்

என் மூத்தவள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கவில்லை. ஒரு கரவன் இருந்தது. விடுமுறைக்குக் காரின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போவார்களே, அந்தச் சில்லு வைத்த பெட்டி. லண்டனில், பிளேஸ்டோவில் ஓர் அக்காவின் வீட்டுப் பின்வளவில் அது நின்றது. முன்னர் அந்த வீட்டில் இருந்த வெள்ளைக்காரர் விற்கவும் முடியாமல் இழுத்துப்போகவும் முடியாமல் விட்டுவிட்டுப் போன சாமான். சில்லுகள் காற்றுப் போய் மண்ணுக்குள் புதைந்துவிட்டன.

எண்பதுகளின் கடைசி அது. அக்காவின் வீட்டு அறைகள் முழுக்க ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய பெடியன்கள். இருக்கிற இடமெல்லாம் பாயும் சூட்கேசும். கைக்குழந்தையோடு அதற்குள் நாங்கள் எங்கே போவது? "கரவன் சும்மாதானே கிடக்கு, அதுக்குள்ள இருங்கோ" என்று அக்கா சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தானே உள்ளே போய்ச் சிலந்தி வலையெல்லாம் கூட்டித் தள்ளினார்.

அக்கா என்கிறேனே தவிர, சொந்தமில்லை. என் கணவர் லண்டனுக்கு வந்த புதிதில் அவர் வீட்டில் ஓர் அறையில் இருந்தார், அந்தப் பழக்கம். ஐம்பது தாண்டியவர். நல்ல உடம்பு, அதைவிட நல்ல வாய். எனக்கும் வாய்க்குக் குறைவில்லை. ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் கணவர் பேசாமலே காலம் தள்ளினார்.

கரவனுக்குள் ஒரு காஸ் ஹீட்டர், ஒரு சின்ன சிங்க், அதற்கு மேலே ஒரு பைப். குளிப்பதற்கும் மற்றதற்கும் அக்காவின் வீட்டுக்குள் ஓட வேண்டும். சிங்க்குக்குத் தண்ணீர் வந்தது ஒரு ரப்பர் குழாயால். அக்காவின் வீட்டுப் பின்சுவரில் தொடங்கி, வளவைக் கடந்து, கரவனுக்கு அடியால் நுழைந்து மேலே ஏறும். அந்தக் குழாய்தான் எங்களுக்கு எல்லாம்.

பிள்ளை பிறந்த வீடுகளுக்கு இந்த ஊரில் ஒரு நர்ஸ் வந்து பார்ப்பார். எங்களிடம் வந்தவர் நெட்டையான ஒரு வெள்ளைக்காரப் பெண், மெல்லப் பேசுவார். பிள்ளையைத் தராசில் நிறுத்தார், ஹீட்டரில் கை வைத்துப் பார்த்தார், பைப்பைத் திறந்து மூடினார். பிறகு, "உனக்கு உதவிக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். அம்மா யாழ்ப்பாணத்தில், தங்கை கொழும்பில். கணவருக்கோ பெட்ரோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். "ஒருவரும் இல்லை" என்றேன். அந்த மனிசியின் முகம் மாறிப்போயிற்று. குளிர் கடுமையாகப் போகிறது, இதற்குள் தண்ணீரும் நின்றுபோனால் பச்சைக்குழந்தையை இங்கே விட்டுவைக்க முடியாது, கவுன்சிலோடு பேசித் தாயும் பிள்ளையும் தங்குகிற ஒரு விடுதிக்கு அனுப்ப வேண்டி வரும் என்றார். அந்த விடுதி லண்டனுக்கு வெளியே எங்கேயோ. அங்கே கணவன்மார் தங்க முடியாது. அடுத்த கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கலியாணம் முடித்த கையோடு இவர் லண்டனுக்கு வந்துவிட்டார். நான் கொழும்பில் லொட்ஜ் லொட்ஜாகக் கிடந்து, விசாவுக்கு அலைந்து, வருஷக் கணக்கில் காத்திருந்து இவரிடம் வந்து சேர்ந்தவள். இனி ஒரு நாள்கூட இவரை விட்டுப் பிரிந்திருக்க மாட்டேன் என்று விமானத்தில் இருந்தே தீர்மானம் பண்ணியிருந்தேன். அதை ஒரு பைப்பா குலைக்கப் போகிறது?

இவரோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் கோடை, மாரி என்று பாராமல் கரவனிலேயே குடியிருக்கிறவர். அவர் சொல்லிக்கொடுத்தபடி இவர் எல்லாம் செய்தார். குழாயைச் சுற்றிப் பேப்பர், பேப்பருக்கு மேல் பழைய கம்பளி, அதற்கு மேல் தான் உடுக்கிற சாரங்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஈரம் படாமல் கறுப்புக் குப்பைப் பை. சுற்றிச் சுற்றிக் கயிற்றால் கட்டினார். கரவனுக்கு அடியில் குழாய் மேலே ஏறுகிற இடத்தில் மட்டும் ஒரு முழத்துக்குச் சுற்றிக் கட்ட இடம் போதவில்லை. அது பரவாயில்லை, சிங்க்குக்குக் கீழே இருக்கிற அலுமாரிக் கதவைத் திறந்து வைத்தால் சூடு அங்கே இறங்கும், பைப்பையும் நூல் மாதிரி ஒழுக விட்டால் தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கும், லேசில் உறையாது என்று அந்த வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார்.

அக்கா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தார். "இதென்ன தம்பி, பிள்ளைக்குச் சுத்தினதிலும் பார்க்கக் குழாய்க்கெல்லோ கனக்கச் சுத்திக்கிடக்கு!"

உள்ளே வந்ததும் பைப் ஒழுகுகிற சத்தம் அவர் காதில் விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"பைப்பைப் பூட்டு பிள்ளை. தண்ணி சொட்டுற வீட்டிலை லச்சுமி நிப்பாவே? அதுவும் பச்சைப்பிள்ளை இருக்கிற இடம்."

"பூட்ட ஏலாது அக்கா. பூட்டினால் உள்ளுக்குள்ள உறைஞ்சு போகுமாம்."

"ஆர் சொன்னது?"

"இவரோட வேலை செய்யிற வெள்ளைக்காரன். அவன் கரவனுக்குள்ளதான் இருக்கிறான்."

"அவன்ரை வீட்டிலை லச்சுமி நிண்டிருந்தால் அவன் ஏன் கரவனுக்குள்ள இருக்கிறான்?"

சிரித்துவிட்டேன். ஆனால் பைப்பைப் பூட்டவில்லை.

அக்கா ஒவ்வொரு நாளும் பின்னேரம் எனக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுவருவார். மிளகு, சீரகம் என்று சரக்கு அரைத்த கறி, பால் சுரப்பதற்குச் சுறா வறை. மீனுக்காக எங்கெங்கோ பஸ் ஏறிப் போய் வருவார். பிறகு உப்பை வறுத்துத் துணியில் முடிந்து என் இடுப்புக்கும் முதுகுக்கும் ஒத்தடம் கொடுப்பார். பிள்ளை பெற்ற வீடு துடக்கு வீடு. வந்துபோனவர் குளிக்காமல் சாமிப் படத்துக்குக் கிட்டப் போக முடியாது. ஆகவே அந்தக் குளிரிலும் தினமும் வீட்டுக்குப் போய்த் தலையில் வார்த்துவிட்டுத்தான் விளக்கு வைப்பார். ஒரு நாள்கூட "உன்னாலை எனக்குத் தடிமன் வந்திட்டுது" என்று சொன்னதில்லை. தும்மிக்கொண்டுதான் திரிவார்.

நர்ஸ் வரவேண்டிய நாள் காலையில் எழும்பினேன். பைப்பில் சத்தம் இல்லை. திருகினேன், திருகினேன், ஒரு சொட்டு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வளவு முழுக்க வெள்ளை. சிங்க்குக்குக் கீழே அலுமாரிக் கதவும் சாத்தியிருந்தது. வேலை முடிந்து இவர் அப்போதுதான் கரவன் கதவைத் திறந்தார்.

"இஞ்சருங்கோ, தண்ணி வரேல்லை!"

"என்ன? நீர் பூட்டினனீரோ?"

"எனக்கென்ன விசரே?"

இவர் கேத்திலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தார். கொதிதண்ணீரை ஊற்றினால் உறைந்த குழாய் வெடித்துப்போகும் என்று நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். எங்கள் சத்தம் கேட்டு அக்கா பின்வாசலால் வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார்.

"நான்தான் பிள்ளை பூட்டினனான். நேற்று ராத்திரி எட்டிப் பாக்க வந்தனான், நீ நித்திரை. அந்தச் சொட்டுற சத்தம் எனக்கு மனம் கேக்கேல்லை. அலுமாரியும் ஆவெண்டு கிடந்துது, சாத்திப்போட்டன்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"உங்கட லச்சுமியும் நீங்களும்! அந்த மனிசி இப்ப வந்து பைப்பைத் திறந்து பாக்கப் போறா. என்னையும் பிள்ளையையும் கொண்டுபோய் எங்கயோ தள்ளப் போகினம். திரும்பவும் நான் தனிய இருக்கவோ? இதுக்கே நான் கடல் தாண்டி வந்தனான்?"

கத்தினேன். பிள்ளை எழும்பி அதுவும் கத்தியது. அதற்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. அந்த நேரத்தில் கத்தாமல் பிறகு எப்போது கத்துவது? அக்கா திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார், போகட்டும் என்று நினைத்தேன்.

கொஞ்சத்தில் திரும்பி வந்தார். ஒரு கையில் எனக்கு ஒத்தடம் கொடுக்கிற உப்பு முடிச்சு, ஆவி பறக்க. மற்றக் கையில் சட்டியோடு இன்னும் இரண்டு முடிச்சு. இவர் கரவனுக்கு அடியில் குனியப் போனார்.

"தள்ளும் தம்பி. உமக்கு ஒத்தடம் குடுக்கத் தெரியுமே? நீர் போய் உப்பை வறுத்துக்கொண்டு வாரும், சூடு ஆறக்கூடாது."

அந்த உடம்போடு, சீலைக்கு மேலே போட்ட கோட்டோடு, அக்கா பனியில் மல்லாந்து படுத்துக் கரவனுக்கு அடியில் நகர்ந்து போனார். அந்தக் கட்டாத ஒரு முழத்தில் உப்பு முடிச்சை வைத்து வைத்து எடுத்தார். இவர் அடுப்புக்கும் கரவனுக்கும் ஓடித் திரிந்தார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பைப்பைத் திறந்து விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

நர்ஸ் வந்துவிட்டார். கரவனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பளிச் சொக்ஸையும் ரப்பர் செருப்பையும் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே வந்து பிள்ளையை நிறுத்தார். நல்ல பாரம் என்றார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைசியில் சிங்க்குக்குக் கிட்டே போனார். பைப் திறந்தபடிதான் இருக்கிறது, தண்ணீர் இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்போது பைப் ஒரு செருமல் செருமியது. இரண்டு தடவை காற்றைத் துப்பியது. பிறகு பனிக்கட்டித் துண்டுகளோடு சடசடவென்று தண்ணீர் கொட்டியது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு, நல்ல பிள்ளையாகப் பைப்பை இறுக்கிப் பூட்டினார்.

"பூட்டாதை! பூட்டாதை பிள்ளை!" காலுக்குக் கீழே இருந்து அக்காவின் குரல் அதிர்ந்தது. "லச்சுமியும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், திறந்து விடு!"

நர்ஸ் துள்ளி விழாத குறை. யார் அது, என்ன சொல்கிறார் என்று கேட்டார். அது அக்கா, பைப்பைப் பூட்ட வேண்டாமாம் என்றேன். நர்ஸ் உடனே பைப்பைத் திறந்துவிட்டார். பிறகு தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன தடவை உனக்கு ஒருவரும் இல்லை என்றாயே?"

சொந்தக்காரரைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றேன். ஒவ்வொரு நாளும் வருகிறவரை, எனக்காகத் தினமும் தலையில் வார்க்கிறவரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அக்கா இருக்கிறார் என்றேன். நர்ஸ் கட்டிலில் உட்கார்ந்தார். தண்ணீர் நின்றால் வாளியில் அள்ளிக்கொள்ளலாம் பெண்ணே, இரவில் நீ தனியாக இருக்கிறாயே என்றுதான் எனக்குப் பயம் என்றார். விடுதிப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அக்கா வெளியே வந்தபோது முதுகெல்லாம் சேறு. "வந்துதோ?" என்றார். "வந்துது அக்கா" என்று சொல்லி அழுதுவிட்டேன். "பிள்ளைக்காரி அழக்கூடாது, பால் வத்திப்போம்" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்று பின்னேரம் வழக்கம்போலச் சாப்பாட்டோடு வந்தார். கக்கத்தில் விளக்கி மினுக்கிய ஒரு பித்தளைச் சட்டி. நூலாக ஒழுகிக்கொண்டிருந்த பைப்புக்குக் கீழே அதை வைத்தார். வைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல என் இடுப்பைத் திருப்பச் சொன்னார்.

"இது என்னத்துக்கு அக்கா?"

"சொட்டுறது சொட்டட்டும். வெளிய போகாட்டிச் சரிதானே."

அந்தக் குளிர் முடியும்வரை எங்கள் தேத்தண்ணியும் பிள்ளையின் குளிப்பும் அந்தச் சட்டித் தண்ணீரில்தான். நிறைந்ததை ஊற்றிவிட்டுத் திரும்ப வைக்க நான் மறந்தாலும், அக்கா மறக்கமாட்டார்.