அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்த பூ

எங்கள் அக்கா இல்லை. இந்த வரியை எழுதிவிட்டு நானே திரும்பத் திரும்பப் படிக்கிறேன், நம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பேசியவர் மதியத்துக்குள் போய்விட்டார். ஒரு காய்ச்சல் என்று படுத்தவர் இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்றாராம், அவ்வளவுதான். இதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது ஓமலூர் பக்கத்து மேட்டுக்காட்டில். நான் ஒன்பது வயது இளையவள். எங்கள் அம்மா காலமானபோது அக்கா எட்டாம் வகுப்பு. அதோடு படிப்பை விட்டார். வெள்ளாடு மேய்த்தார், சோறாக்கினார், எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினார். வேலியோரம் கண்வலிச் செடியை, அதாவது செங்காந்தளை, தின்று ஒரு வெள்ளாடு செத்தபோது அப்பாவிடம் அடி வாங்கியதும் அவர்தான். பள்ளிபாளையத்துக்கு வாக்கப்பட்டுப் போனார். மாமா சின்ன வயதிலேயே தவறிவிட, தறிப்பட்டறையில் நூல் சுற்றி ஒற்றை ஆளாக மகனை ஆளாக்கினார். வீட்டுக்கு வந்த யாரையும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன் என்றால் அது அவர் போட்ட சோறு.

இனி, என்னால் தள்ளிப்போட முடியாத ஒன்றைச் சொல்கிறேன்.

டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் நாங்கள் வீடு கட்டியபோது கூடத்துச் சுவருக்கென்று ஆறு படங்கள் வாங்கினேன். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் வரைந்து கையால் வர்ணம் தீட்டிய காட்டுப்பூப் படங்களின் நகல்கள். பிரேம் போட்டே வந்தன. மாட்டுவதற்கு வளையம் அடிக்க வந்த தச்சர், "இதுல எதுங்க மேல் பக்கம்?" என்று ஒரு படத்தைக் காட்டிக் கேட்டார். இதழ்கள் கீழே தொங்கினால்தான் அழகு என்று நானே காட்டிக் கொடுத்தேன்.

புதுமனை புகுவிழா அன்று அக்கா அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"சாமி, இது நம்ம கண்வலிப் பூவு. தலைகீழா மாட்டியிருக்கற. எதழு மேல நிமுந்துதான் நிக்கும்."

சுற்றிலும் சொந்தபந்தம், என்னோடு வேலை செய்பவர்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. "உனக்கு என்னக்கா தெரியும்? இது வெளிநாட்டுப் படம். ஆடு மேய்ச்ச காட்டுலயா வரைஞ்சாங்க?" என்றேன். சிலர் சிரித்தார்கள்.

"செரி சாமி, நீ படிச்சவ," என்று சொல்லிவிட்டு அக்கா பந்தி பரிமாறப் போய்விட்டார்.

அதன் பிறகு எப்போது வந்தாலும், கிளம்பும்போது அந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிடம் தலையை நன்றாகச் சாய்த்து நிற்பார். கழுத்து வலி என்று நினைத்துத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போன் செய்தான். "சித்தி, அம்மா போட்டோவப் பெருசு பண்ணிட்டேன். பிரேம் கடை ஒண்ணும் தொறக்கலைங்க. உங்கூட்டுல இருந்தா எடுத்துட்டு வாங்க." கைக்கு எட்டிய ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டு காரில் ஏறினேன். பள்ளிபாளையத்தில் இறங்கிய பிறகுதான் எது என்றே பார்த்தேன். அக்கா நின்று பார்க்கும் அதே படம்.

உள்ளே அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து பின் அட்டையைப் பிரித்தேன். பூவைச் சுற்றியிருந்த அட்டை விளிம்பை எடுத்ததும், அதற்கடியில் மறைந்திருந்த செடியின் பெயர் தெரிந்தது. படத்தின் அடியில் இருக்க வேண்டிய பெயர், நான் அடிக்கச் சொன்ன வளையத்துக்குக் கீழே தலைகீழாகக் கிடந்தது. தாளைத் திருப்பினேன். இதழ்கள் மேலே நிமிர்ந்து நின்றன. அக்காவுக்குக் கழுத்து வலியே இருந்ததில்லை. உள்ளே போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன், பிறகுதான் நினைவு வந்தது.

அந்த பிரேமில்தான் இப்போது அக்காவின் படம் இருக்கிறது.

தகவல் கேட்டதும் ஓடிவந்த தறிப்பட்டறைத் தோழிகளுக்கும், எங்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும், அக்கா மகனைத் தனியே விடாமல் கூடவே இருந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

புதுமனை புகுவிழாவுக்கு வந்திருந்தவர்களில் பலர் அக்காவுக்கான இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருப்பீர்கள். அன்று உங்கள் முன்னால்தான் அக்காவை அப்படிப் பேசினேன். ஆகவே உங்கள் முன்னாலேயே சொல்கிறேன். அக்கா சொன்னதுதான் சரி. நான்தான் தலைகீழாக மாட்டியிருந்தேன்.