அத்தான் வீட்டு நாலு கம்ப்யூட்டர்கள்

என் அக்கா வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துக் கழற்ற வேண்டும். செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். திரை கிடையாது, ஒரு கறுப்புப் பெட்டியும் பச்சை விளக்கும்தான். பிரிண்டர், வைஃபை, வீட்டுப் புகைப்படங்கள் எல்லாம் அதன் தயவில் நடந்தன. சாப்பாட்டு மேசை ஓரத்தில், அக்கா டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பழைய விண்டோஸ். அக்கா மகள் அறையில் லினக்ஸ். அத்தான் அறையில், யாரோ கழித்துக் கட்டிய மேக். நாலும் நாலு பாஷை. ஒன்றில் செய்ததை இன்னொன்றில் திறக்க வேண்டுமென்றால் அத்தானைத்தான் கூப்பிட வேண்டும்.

நான் அவரை 'அட்மின்' என்பேன். கிண்டலுக்குத்தான். மனிதர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அவர் நிஜமாகவே அட்மினாக இருந்தவர். "சார், திறக்க மாட்டேங்குது", "சார், பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்று கட்டடமே அவரைத் தேடும். மதியச் சாப்பாட்டை ஒரு நாளும் முழுசாகச் சாப்பிட விட்டதில்லை என்று அலுத்துக்கொள்வார். அலுப்பா அது, அத்தனையும் பெருமை. ஒருநாள் நிறுவனம் அந்த வேலைகளை வெளியாள் தலையில் கட்டிவிட்டு, இவர் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பியது. வீட்டுக்கு வந்தவர் அதைக் குளியலறை வாளியில் போட்டார். அடுத்த வாரமே வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிரித்துப்போட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சிஸ்டம் ஏற்ற ஆரம்பித்தார்.

"எதுக்கு அத்தான் நாலு தினுசு? எல்லாத்துலயும் ஒண்ணே போட்டா என்ன?"

"ஒண்ணு படுத்தா இன்னொண்ணு நிக்கும்டா. உன் மண்டையில இதெல்லாம் ஏறாது."

ஏறாது, சரி. கண் இருக்கிறதே. அந்த வீட்டில் அவரிடம் பேச யாருக்கும் ஒரு விஷயமும் இல்லை. அக்காவுக்குப் பாடம், மகளுக்கு வேலை தேடல். பிரிண்டர் மக்கர் பண்ணினால் மட்டும் "என்னங்க!", "அப்பா!" என்று குரல் வரும். உடனே இவர் முகம் மலர்ந்துவிடும். மக்கரும் அடிக்கடி நடந்தது. வாங்கிய நேரம் சரியில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று காலை அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். மகளுக்குப் பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலேயே புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும், போனில் முடியாது. பல சுற்று தாண்டி, கடைசிச் சுற்று. வேலை வேறு ஊரில். இதற்காக மாதக்கணக்கில் கண்விழித்துப் படித்திருந்தாள்.

"அப்பா, மைக் வேலை செய்யல!"

வாசலிலேயே காத்திருந்த மாதிரி வந்தார். "ரெண்டே நிமிஷம்மா" என்று எதையோ தட்டி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி, நடுவில் நின்றன. மறுபடி போட்டார். அதே இடத்தில் நின்றது. அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம், தன் அறையில் உட்கார்ந்தபடியே மகளின் மைக்கை அணைத்து, சட்டென்று யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியும் வைத்திருக்கிறார் இந்தப் புண்ணியவான். காலையில் கூப்பிடுவாள், போய்ச் சரிசெய்யலாம் என்ற திட்டம். இடையில் செருப்பு அலமாரிப் பெட்டி, இவரே சொல்லி வைத்திருந்தபடி, எல்லாவற்றுக்கும் அப்டேட் அனுப்பியிருக்கிறது. பூட்டிய இடத்தில் அப்டேட் முட்டிக்கொண்டு, பாதி பழசும் பாதி புதுசுமாக லினக்ஸ் குப்புற விழுந்துவிட்டது. பிற்பாடு ஏதோ அபூர்வமான கேஸ் மாதிரி இதை எனக்கு விளக்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அக்காவின் விண்டோஸ் ரொம்பப் பழசு என்று தேர்வு மென்பொருள் ஏறவே மறுத்தது. மேக் அதைவிடப் பழசு. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. என் வீடோ ஊரின் மறுகோடி. மகள் போனில் கெஞ்சிப் பார்த்தாள். உங்கள் நேரம் முடிந்துவிட்டது, நன்றி என்று பதில் வந்தது.

அவர் விடவில்லை, தட்டிக்கொண்டேயிருந்தார். வெகுநேரம் கழித்து, "வந்துடுச்சும்மா! பாரு, மைக்கும் வேலை செய்யுது!" என்றார். நிஜமாகவே சிரித்துக்கொண்டு.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "எனக்குத் தெரியும்ப்பா."

"என்னம்மா?"

"நீங்கதான் கெடுக்கிறீங்கன்னு. ரொம்ப நாளா தெரியும். என்ன ஆச்சுன்னு நான் சொல்றதுக்குள்ள உங்க கை சரியா அந்த இடத்துக்குப் போயிடும். அதையெல்லாம் நானே சரி பண்ணிக்குவேன்ப்பா. நீங்க பக்கத்துல வந்து உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுவீங்கன்னுதான் கூப்பிடுவேன். இன்னிக்கும் அதுக்குத்தான் கூப்பிட்டேன். இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

அத்தான் சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

அவள் போவதைத் தடுக்கத்தான் வேண்டுமென்றே கெடுத்தார் என்று அக்கா இன்றும் நம்புகிறாள். அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. சொன்னேன், அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் தன் கம்ப்யூட்டரைத் துடைத்தெடுத்து, தனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு போட்டுக்கொண்டாள். அக்கா புதுசு வாங்கிக்கொண்டாள். கறுப்புப் பெட்டியின் ஒயரை யாரோ பிடுங்கிவிட்டார்கள். பிறகு வேறொரு வேலை கிடைத்து, மகளும் ஊரைவிட்டுப் போனாள். போன் அம்மாவுக்குத்தான் வருகிறது. அந்த வீட்டில் இப்போது எதுவும் மக்கர் பண்ணுவதில்லை.

போன வாரம் போயிருந்தபோது, அத்தான் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். பஸ் வருகிற சமயத்தில் கேட்டார்.

"உன் கம்ப்யூட்டர் எப்படிடா ஓடுது? ஸ்லோவா இருந்தா சொல்லு, நான் வந்து பாக்கறேன். எனக்கென்ன, பஸ் ஏறினா வந்துடப் போறேன்."

அது ஆன் ஆகாமல் கிடந்து பல நாளாகியிருந்தது.

"நல்லா ஓடுது அத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.