ஆணிக்கு மேலே தண்ணீர்

லம்பெர்ட் பிறந்த அன்று அவருடைய அப்பா வீட்டில் இல்லை. ஆலைக் குளத்துக் கரையில் குந்தி, தண்ணீர் ஆணியைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மகனுக்கு நிலத்தோடு அந்தச் சந்தேகமும் சேர்ந்தே வந்தது.

ஹூம்லிங் மேட்டு நிலத்தின் அந்த ஊருக்கு ஆலை ஒன்றுதான். முதலில் ஓடைத் தண்ணீரில் மட்டும் ஓடியது. கோடையில் ஓடை சுருங்கி ஊர் மாவுக்குத் தவித்தபோது, ஆலைக்காரர் ஹின்ட்ரிக்கின் தாத்தா அதே கட்டடத்தின் தலையில் நான்கு காற்றிறக்கைகளையும் ஏற்றிவிட்டார். கீழே சக்கரம், மேலே இறக்கை. காற்றும் தண்ணீரும் ஒன்றாய் வந்தால் இரண்டு கல்லும் அரைக்கும். ஊரே வாயைப் பிளந்தது. லம்பெர்ட் வீட்டார் மட்டும், “அதான் காத்து இருக்குல்ல, அப்புறம் தண்ணிய எதுக்குத் தேக்கணும்?” என்று கேட்டார்கள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்களுடைய புல்வெளி குளத்தின் மேல்கரையில் இருக்கிறது. குளம் ஏறினால், வெட்டிக் காயப்போட்ட புல் அழுகும். குளிர்காலத்தில் மாடு பட்டினி. வழக்கு நடந்து, கடைசியில் குளத்துக்குள் ஓக் கம்பம் ஒன்றை நட்டு, அதில் இரும்பு ஆணி அடித்தார்கள். தண்ணீர் அந்த ஆணிக்கு மேலே போகக் கூடாது என்று தீர்ப்பு.

அன்றிலிருந்து அந்த ஆணிதான் லம்பெர்ட் குடும்பத்துக் குலதெய்வம். தன் கல்யாணத்தன்று தேவாலயத்துக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய் அதைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் லம்பெர்ட். மணப்பெண் தால்க்கெ வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். சிரித்தாளாம். அப்போது வயது அப்படி.

அவர் பார்த்த வரையில் தண்ணீர் ஒருமுறைகூட ஆணியைத் தாண்டியதில்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். லம்பெர்ட்டுக்கு அதுவே சான்று.

“ஒருத்தன் இவ்வளவு ஒழுங்கா இருக்கான்னா, உள்ள ஏதோ இருக்கு” என்பார்.

“ஒழுங்கா இல்லாட்டி?” என்று தால்க்கெ கேட்பாள்.

“அப்ப கையும் களவுமா மாட்டுவான்.”

“அப்ப அந்த ஆளு எப்படித்தான் இருக்கணுங்கற?”

லம்பெர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் கிளம்பிவிடுவார்.

அந்த வருடம் புல் வெட்டும் பருவத்தில் தால்க்கெ படுத்துவிட்டாள். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. நாள் எண்ணப்படுகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புல்லையும் விட முடியாது; பகலில் மகள்தான் பக்கத்தில் இருந்தாள். ஒரு நாள் காலை அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஹின்ட்ரிக்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். எனக்கு முடியாமப் போச்சுன்னா இறக்கைய நேர்சிலுவையா, கூட்டல் குறி மாதிரி நிறுத்துவாரு. நீ பார்த்ததும் வந்துடணும்.”

“வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?”

“புல்வெளியில நின்னா உன் கண்ணுல படறது வேற என்ன இருக்கு? நீ இல்லாம நான் போகமாட்டேன், சொல்லிட்டேன்.”

“வரேன்னு சொல்றேன்ல” என்றார் லம்பெர்ட். மனதாரத்தான் சொன்னார்.

மதியம் நல்ல மேல்காற்று. இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன, கீழே சக்கரமும் ஓடியது. கறுப்பு ரொட்டியைக் கடித்தபடி அவர் நிமிர்ந்து பார்த்தபோது இறக்கைகள் நின்றன. நேர்சிலுவை.

வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு நான்கு எட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அப்புறம் நின்றார். இவ்வளவு நல்ல காற்றை எந்த ஆலைக்காரன் விடுவான்? என்னைப் புல்வெளியிலிருந்து கிளப்ப இதைவிட வசதியான நேரம் அவனுக்கு வாய்க்குமா? சீக்காளிப் பொம்பளையின் பேச்சைப் பிடித்துக்கொண்டு என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறானா?

ஒரே ஒரு பார்வை, பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று எதிர்ப்பக்கம், குளத்துக்குத் திரும்பினார். பாவி மனிதர்.

தண்ணீர் ஆணிக்கு ஒரு விரல் கீழே நின்றது. வழக்கத்தைவிட உயரம். அவர் பார்க்கப் பார்க்க ஏறியது. இரும்பின் அடியைத் தொட்டது. பிறகு ஆணியைக் காணோம்.

அப்பா காணாததை, தாத்தா காணாததை அவர் கண்டுவிட்டார். இப்போது போய்விட்டால் இறக்கிவிடுவான். யாராவது வந்து சாட்சி பார்க்கும்வரை நகரக் கூடாது. தண்ணீரில் இறங்கி, மூழ்கிய ஆணியின்மேல் விரலை வைத்தபடி நின்றார். வீட்டு நினைப்பு வராமல் இல்லை. வந்தபோதெல்லாம், இன்னும் கொஞ்சம் என்றார்.

கரையோரமாக ஒரு ஆள் வந்தது. ஹின்ட்ரிக்கேதான். மாவு படிந்த தொப்பி கையில் இருந்தது.

“வா, வா. உன் காலாலேயே நடந்து வந்து மாட்டிக்கிட்ட. ஆணி எங்க, காட்டு பார்ப்போம்.”

ஹின்ட்ரிக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். “சக்கரத்து மதக மூடிட்டு, மிச்சத் தண்ணி போற வடிமதகத் திறக்க மறந்துட்டேன், லம்பெர்ட்டு. உன் வீட்டுக்கு ஓடினேன்.”

“என் வீட்டுல உனக்கென்ன வேலை?”

“உன் பொண்ணு ஆலைக்கு வந்து சொல்லிட்டு, அப்படியே பாதிரியாரக் கூட்டியாரப் போயிட்டா. தால்க்கெ தனியா இருந்துச்சு. நீ வர்ற வரைக்கும் கூட இருப்போம்னு போனேன்.”

லம்பெர்ட்டின் விரல் இன்னும் ஆணியின்மேல்தான் இருந்தது.

“போயிடுச்சு” என்றார் ஹின்ட்ரிக். “பாதிரியார் வர்றதுக்கு முன்னாடியே. ரெண்டு தடவ கேட்டுச்சு, இறக்கைய அவரு பார்த்திருப்பாரான்னு. பார்த்திருந்தா வந்திருப்பாரும்மா, வெயில்ல கண்ணுல படலையோ என்னவோன்னு சொன்னேன். அப்படித்தான இருக்கும்னு சொல்லிட்டுக் கண்ண மூடிடுச்சு.”

காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. ஹின்ட்ரிக்கின் தலைக்குப் பின்னால், ஆலையின் உச்சியில், இறக்கைகள் நேர்சிலுவையாகவே நின்றன.

“நீ பார்க்கலதான, லம்பெர்ட்டு?”

லம்பெர்ட் விரலை எடுத்தார்.

“பார்த்தேன்” என்றார்.