'கொண்டுவா' கொண்டுவந்தது

மனைவியின் தங்கை போய்விட்டாள். எஞ்சியவை மனைவியின் போனுக்கு அவள் அனுப்பிய குரல் செய்திகள். உயிரோடிருந்தபோது அவளைப்போலவே பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்த கோமாளி நான்தான்.

போன் நிரம்பியதும் அவற்றை என் கணினியோடு இணைத்திருந்த தனி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, "போனில உள்ளதை அழிச்சுவிடும். வீட்டில ஒண்டு, சேர்வரில ஒண்டு இருக்கு. பயப்படாதையும்" என்று மனைவியிடம் சொன்னேன். நம்பினாள். அழித்தாள்.

இரண்டு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி நிரல்கள், எழுதினேன். 'அனுப்பு' தினமும் மாலை ஆறு மணிக்குத் தானாக ஓடி, வெளிநாட்டில் எங்கோ இருக்கும் சேர்வரை என் டிஸ்க்கைப்போல் ஆக்கும். இங்கே இல்லாததை அங்கேயும் அழிக்கும். 'கொண்டுவா' அதையே மறுபக்கமாகச் செய்து, டிஸ்க்கைச் சேர்வரைப்போல் ஆக்கும். வெள்ளவத்தையிலேயே பெரிய மூளைக்காரன் நான் என்று நினைத்து நடந்தேன்.

இடி முழங்கினால் எங்கள் வீட்டில் எல்லா பிளக்கும் கழன்றுவிடும். ஒருநாள் பின்னேரமும் மனைவி கழற்றினாள். மழை விட்டதும் டிவியையும் கணினியையும் இணையப் பெட்டியையும் மாட்டியவள் டிஸ்க்கை மறந்தாள். ஆறு மணிக்கு 'அனுப்பு' எழுந்தது. டிஸ்க் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோப்புறை. அந்த வெறுமையை மகா விசுவாசமாகச் சேர்வரிலும் பிரதி எடுத்தது.

வேலை முடிந்து வந்து கோப்புறையைத் திறந்தேன். காலி. எங்கள் காலி வீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"என்னப்பா, பாம்பைக் கண்டனீங்களே? பொறுங்கோ, இது கழட்டினபடி கிடக்கு."

மாட்டினாள். எல்லாம் திரும்பி வந்தன. அத்தோடு எழுந்துபோய்த் தேத்தண்ணி குடித்திருக்கலாம். ஆனால் கணினியை விட்டு எழவில்லை. எதற்கும் சேர்வரிலிருந்தும் ஒருதரம் எடுத்து வைப்போம் என்று 'கொண்டுவா'வைத் தட்டினேன்.

கொண்டுவந்தது. அங்கே இருந்த ஒன்றுமில்லாததை.

கணினி திருத்தும் கொள்ளுப்பிட்டிக் கடைக்காரர் இரண்டு நாள் டிஸ்க்கைக் கிளறி ஒரேயொரு கோப்பை முழுசாக மீட்டுத் தந்தார். 'கொண்டுவா'வின் பழைய பிரதி. நன்றி சொல்லி வாங்கி வந்தேன்.

"நான் கழட்டினதாலயோ?" என்று மனைவி கேட்டாள்.

வாய்வரை வந்த பகிடியை விழுங்கினேன். "இல்லையப்பா. நான்தான் அழிச்சனான்."

என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அவள் 'அக்கா' எண்டு கூப்பிடுறதை ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றாள்.

செய்தேன். மூன்றுதரம். மூன்றுதரமும் என் குரல்தான் வந்தது.